அடி வாங்காமல் ஜெயிக்கக் கற்றவர்: யோஷியோ ஷிராய்

யோஷியோ ஷிராய் உலகக் குத்துச்சண்டைப் பட்டத்துக்காக மொத்தம் ஏழு முறை சண்டை போட்டார். ஐந்தில் ஜெயித்தார், இரண்டில் தோற்றார். ஜெயித்த ஐந்தும் பதினைந்து ரவுண்டுகள் முழுசாகப் போய், நடுவர்கள் கணக்குப் பார்த்து, பாயிண்ட்ஸில் கிடைத்த வெற்றிகள். பட்டப் போட்டியில் ஒருவரைக்கூட அவர் நாக் அவுட் செய்ததில்லை. குத்துச்சண்டையில் நாக் அவுட்டை மட்டும் தேடிப் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பட்டியல் சப்பென்று தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜப்பானின் முதல் உலக சாம்பியன் இப்படி ஜெயித்தார் என்பதுதான் அவர் கதையிலேயே பெரிய விஷயம் என்று நினைக்கிறேன், அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஷிராயைப் பற்றி எழுதுகிற எல்லோரும் முதலில் சொல்வது, போரில் தோற்றுத் துவண்டு கிடந்த ஜப்பானுக்கு நம்பிக்கை கொடுத்தவர் என்பது. உண்மைதான், மறுக்கவில்லை. 1949இல் ஹிதேகி யுகாவாவுக்கு நோபல் பரிசு, அதே வருஷம் நீச்சலில் ஹிரோனோஷின் ஃபுருஹாஷியின் சாதனைகள், 1952இல் ஷிராயின் பட்டம், இந்த மூன்றையும் ஜப்பானியர்கள் ஒரே மூச்சில் சொல்வார்கள். ஆனால் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, அந்த ஆள் ரிங்கில் என்ன செய்தார் என்பதே மறைந்துபோய்விட்டது. யார் ஜெயித்திருந்தாலும் நாடு சந்தோஷப்பட்டிருக்கும். இவர் எப்படி ஜெயித்தார் என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

சரி, முதலிலிருந்து வருகிறேன். ஷிராய் 1923 நவம்பரில் டோக்கியோவில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போகிற வயதில், வேடிக்கைக் காட்சி ஒன்றில் கங்காருவோடு குத்துச்சண்டை போட்டதுதான் அவருக்கு இந்த விளையாட்டின் மேல் ஆசை வரக் காரணம் என்று சொல்வார்கள். கங்காருவுக்குக் கையுறை மாட்டிக் கூட்டத்துக்கு முன்னால் நிறுத்துவது அந்தக் காலத்து வழக்கம். 1943 நவம்பரில், இருபது வயது முடிந்த அதே வாரத்தில், தொழில்முறைக் குத்துச்சண்டையில் இறங்கினார். தொடர்ந்து எட்டு வெற்றி. ஆனால் அது போர்க்காலம். நல்லபடியாக ஆரம்பித்த கையோடு கடற்படைக்கு அழைப்பு வந்துவிட்டது. போர் முடிந்து திரும்பியபோது ஊர் சாம்பலாகக் கிடந்தது, கூடவே அவருக்குத் தீராத இடுப்பு வலி. சாப்பாட்டுக்கே ரேஷன் வரிசையில் நின்ற காலம் அது. குத்துச்சண்டைக்காரனுக்கு வேண்டிய இறைச்சிக்கும் பாலுக்கும் எங்கே போவது? மறுபடி ரிங்கில் ஏறினாலும் பழைய ஷிராய் இல்லை. விட்டுவிடலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஆல்வின் கான் வந்து சேர்ந்தார்.

இந்த கான் யார் என்று தெரிந்தால் கொஞ்சம் ஆச்சரியப்படுவீர்கள். இவர் குத்துச்சண்டைப் பயிற்சியாளரே இல்லை, உயிரியலாளர். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவர், அந்த மாநிலத்து ஆமைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து எழுதியவர். போருக்குப் பிறகு ஜப்பானை நிர்வகித்த நேச நாடுகளின் தலைமையகத்தில் இயற்கை வளப் பிரிவு என்று ஒன்று இருந்தது, அதில் வேலைக்கு வந்தார். ஜப்பானில் முத்து எப்படி வளர்க்கிறார்கள் என்று 1949இல் ஒரு நீண்ட அறிக்கை எழுதினார். அதற்கப்புறம் சிப்பி வளர்ப்பு, மட்டி வளர்ப்பு என்று வரிசையாக எழுதினார். இதெல்லாம் அவருடைய அலுவலக வேலை. வேலை போக மீதி நேரத்தில் உலக சாம்பியன் ஒருவரை உருவாக்கினார்.

1948இல் டோக்கியோவில் ஒரு ஜிம்முக்குப் போனபோது, அங்கே பயிற்சி செய்துகொண்டிருந்தவர்களில் ஷிராய் மட்டும் கானின் கண்ணில் பட்டார். அப்போது கானுக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல். இடுப்பு வலியோடு தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு இளைஞனிடம் அவர் பார்த்தது டைமிங். எந்த நொடியில் கையை நீட்டினால் எதிராளியின் முகம் சரியாக அங்கே வந்திருக்கும் என்கிற அந்தக் கணக்கு. பலத்தை வளர்த்துவிடலாம், மூச்சைக் கூட்டிவிடலாம், ஆனால் இந்தக் கணக்கு பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. பல வருஷமாக உயிரினங்களை உற்றுப் பார்த்தே பழகிய கண் அவருடையது. அதனால்தான் வலியையும் தள்ளாட்டத்தையும் தாண்டி அவரால் அதைப் பார்க்க முடிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

முதலில் உடம்பைத் தேற்றினார். இறைச்சி, பால், முட்டை என்று அன்றைய டோக்கியோவாசிகள் கண்ணாலும் பார்க்காத சாப்பாட்டைத் தன் செலவில் வாங்கிக் கொடுத்தார். ஓய்வு எடுக்க வைத்தார். எப்போது தூங்க வேண்டும், எவ்வளவு சாப்பிட வேண்டும், எத்தனை நாள் இடைவெளி விட வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் ஒரு ஒழுங்கு கொண்டுவந்தார். இன்றைக்கு எந்தச் சின்ன ஜிம்மிலும் இதைச் சொல்லிக்கொடுப்பார்கள், ஆனால் 1948 ஜப்பானில் மன உறுதி இருந்தால் போதும், உடம்பு தானாக வரும் என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள்தான் அதிகம்.

அப்புறம் சண்டை போடும் விதத்தையே மாற்றினார். இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரிய பிஸ்டன் ஹொரிகுச்சியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். போருக்கு முன்னால் ஜப்பானில் குத்துச்சண்டை என்றாலே ஹொரிகுச்சிதான். தொடர்ந்து 47 வெற்றி. இன்ஜின் பிஸ்டன் மாதிரி நிற்காமல் இரண்டு கைகளாலும் குத்திக்கொண்டே முன்னால் போவார், வாங்குகிற அடியைப் பொருட்படுத்தவே மாட்டார். ஜனங்களுக்கு அது உயிர். வீரம் என்றால் அதுதான், பின்வாங்குவது கேவலம் என்று நினைத்த காலம். இளைஞர்கள் எல்லோரும் அவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள். அப்படி நிறைய அடி வாங்கியே அவர் உடம்பு தேய்ந்தது. 1950 அக்டோபரில் ரயில் தண்டவாளத்தில் நடந்து போகும்போது ரயில் மோதி இறந்துபோனார். அப்போது வயது முப்பத்தாறுதான்.

கான் சொல்லிக்கொடுத்தது இதற்கு நேர் எதிரானது. அடி வாங்காதே, அடி. வேறு எதுவும் இல்லை. இடது ஜாப் (கையைச் சட்டென்று நீட்டிக் குத்திவிட்டு இழுத்துக்கொள்வது), வலது ஸ்ட்ரெய்ட் (கையை நேராக வீசிக் குத்துவது), கால் அசைவு, தூரம். இதையே திரும்பத் திரும்பப் பழக்கினார். ஷிராய் அந்த எடைக்கு நல்ல உயரம், கைகளும் நீளம். ஃப்ளைவெயிட் என்றால் உச்ச வரம்பு 112 பவுண்டு, அதாவது 50.8 கிலோ. அந்த எடையில் இருக்கிறவர்கள் பெரும்பாலும் குள்ளமாக இருப்பார்கள், கைகள் மின்னல் வேகத்தில் வரும். நீளமான கை உள்ளவன் தள்ளி நின்று ஜாப் போட்டுக்கொண்டே இருந்தால் குள்ளமானவன் உள்ளே நுழைய ஒவ்வொரு முறையும் ஒரு அடியாவது வாங்கியாக வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் ஒரு ரவுண்டுக்கு மூன்று நிமிஷம், அப்படிப் பதினைந்து ரவுண்டு, மொத்தம் நாற்பத்தைந்து நிமிஷம் அந்தத் தூரத்தை விடாமல் காப்பாற்ற வேண்டும். ஒரு நொடி கால் சோர்ந்தால் எதிராளி உள்ளே வந்துவிடுவான்.

பலன் சீக்கிரமே தெரிந்தது. 1949 ஜனவரியில் ஷிராய் ஜப்பான் ஃப்ளைவெயிட் பட்டத்தை ஜெயித்தார். அதே வருஷம் டிசம்பரில் ஒரு எடைப் பிரிவு மேலே போய் பாண்டம்வெயிட் பட்டத்தையும் எடுத்தார். அன்று அவரிடம் தோற்றவர் ஹிரோஷி ஹொரிகுச்சி, பிஸ்டன் ஹொரிகுச்சியின் தம்பி. ஜப்பானியக் குத்துச்சண்டையில் ஒரு யுகம் முடிந்து இன்னொன்று தொடங்கியது அந்த இரவில்தான் என்பேன்.

இப்போது டாடோ மரினோவுக்கு வருவோம். ஹவாயைச் சேர்ந்த பிலிப்பைன்ஸ் வம்சாவளிக்காரர். 1950 ஆகஸ்டில் ஹொனலுலுவில் இங்கிலாந்தின் டெரி ஆலனைத் தோற்கடித்து உலக ஃப்ளைவெயிட் சாம்பியன் ஆனார். அப்போதே அவர் பேரக்குழந்தை கண்டவர், தாத்தாவாக இருந்துகொண்டு உலகப் பட்டம் ஜெயித்த முதல் ஆள் என்று அவரைச் சொல்வார்கள். அவருடைய மேனேஜர் சாம் இச்சினோசே, ஹவாயில் வளர்ந்த ஜப்பானிய வம்சாவளிக்காரர். இந்த இச்சினோசே இல்லாவிட்டால் உலகப் பட்டப் போட்டி டோக்கியோவுக்கு வந்திருக்காது.

ஷிராயும் மரினோவும் முதலில் மோதியது 1951 மே மாதம் டோக்கியோவில். பட்டத்துக்கான போட்டி இல்லை. நடுவர்கள் பிளவுபட்ட முடிவில் மரினோ ஜெயித்தார். தோல்விதான், ஆனால் உலக சாம்பியனோடு கடைசி வரை நின்று, ஒரு நடுவரின் கணக்கில் ஜெயிக்கவும் செய்தார் ஷிராய். அதே வருஷம் டிசம்பர் 4ஆம் தேதி ஹொனலுலுவில் இரண்டாவது மோதல், மரினோவின் சொந்த மண்ணில். ஏழாவது ரவுண்டில் மரினோவை நாக் அவுட் செய்துவிட்டார். பட்டப் போட்டியில் யாரையும் வீழ்த்தாதவர் என்று மேலே சொன்னேன் இல்லையா, வலது கையில் பலம் இல்லாததால் அப்படி என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய வெற்றிகளில் இருபது நாக் அவுட் உண்டு. சாம்பியனை அவர் ஊரிலேயே வீழ்த்திய பிறகு, பட்டத்தைப் பணயம் வைப்பதை மரினோ தரப்பால் தட்டிக்கழிக்க முடியவில்லை.

அதில் ஒரு நிர்வாகச் சிக்கல் இருந்தது. உலகப் பட்டப் போட்டி நடத்த நாட்டில் ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு வேண்டும், ஜப்பானில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. இந்தப் போட்டிக்காகவே 1952 ஏப்ரல் 21ஆம் தேதி ஜப்பான் குத்துச்சண்டை ஆணையத்தை உருவாக்கினார்கள். கோராகுவென் ஸ்டேடியத்தின் தலைவரே முதல் ஆணையர் ஆனார். அதற்குச் சரியாக ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 28ஆம் தேதி, சான் பிரான்சிஸ்கோ அமைதி ஒப்பந்தம் அமலுக்கு வந்து ஜப்பான் மறுபடி சுதந்திர நாடானது. மூன்று வாரத்தில் சண்டை. தேதிகளை இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மக்களுக்கு அந்த இரவு ஏன் அவ்வளவு முக்கியமாகப் போனது என்று தனியாக விளக்கவே வேண்டாம்.

1952 மே 19. இடம் கோராகுவென் ஸ்டேடியம், பேஸ்பால் மைதானம். திறந்தவெளியில் நடுவே ரிங் போட்டு, சுற்றிலும் சுமார் நாற்பதாயிரம் பேர். அன்றைக்கு உலகத்தில் எட்டே எடைப் பிரிவுகள்தான் புழக்கத்தில் இருந்தன. இன்றைக்குப் பதினேழு பிரிவு, பிரிவுக்கு நான்கு பெரிய அமைப்புகள், ஆளுக்கொரு பெல்ட் என்று போய்விட்டது. அதனால் அன்று ஒருவரை உலக சாம்பியன் என்றால், பூமியில் அந்தப் பெருமை உள்ள ஏழெட்டுப் பேரில் ஒருவர் என்று அர்த்தம். இன்றைய பெல்ட்களோடு அதை ஒப்பிடவே முடியாது.

சண்டைக்கு முன்னால் கான், உனக்காக மட்டும் ஜெயிக்க நினைக்காதே, இழந்த தன்னம்பிக்கையை இந்த நாட்டு மக்கள் திரும்பப் பெறுவதற்காகச் சண்டை போடு என்று சொன்னதாக ஷிராய் பின்னாட்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஜெயித்த நாட்டின் அரசு ஊழியர், தோற்ற நாட்டு இளைஞனிடம் சொன்ன வார்த்தை அது. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு மனசு நெகிழ்ந்துவிடும்.

சண்டையின் நடுப்பகுதியில் மரினோவின் இடது ஹுக் (பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்து) ஒன்று சரியாகப் பட்டு ஷிராய் நிலைகுலைந்தார். மூளை மழுங்கிப்போய், கால் மட்டும் ஏதோ பழக்கத்தில் நகர்ந்துகொண்டிருந்த நிலை. மூலையிலிருந்து கான் அவரை உசுப்பி நினைவுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஹொரிகுச்சி வழியில் வளர்ந்த ஒருவராக இருந்தால் அந்தக் கணத்தில் மானம் போகக் கூடாதென்று முன்னால் பாய்ந்திருப்பார், மரினோவும் அதற்காகத்தான் காத்திருந்திருப்பார். ஷிராய் பாயவில்லை. தள்ளி நின்றார், ஜாப் போட்டார், தலை தெளிகிற வரை தூரத்தைக் காப்பாற்றினார், தெளிந்த பிறகு வலது கையைப் பயன்படுத்த ஆரம்பித்தார். நான்கு வருஷம் விடாமல் பழகியது அந்தச் சில நிமிஷத்துக்காகத்தான். மரினோவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. ரவுண்டுகள் ஏற ஏற அவருடைய கால் தளர்ந்தது, ஷிராயின் ஜாப் மட்டும் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. பதினைந்து ரவுண்டு முடிந்தபோது பாயிண்ட்ஸ் ஷிராய் பக்கம். ஜப்பானுக்கு முதல் உலக சாம்பியன். மே 19ஆம் தேதியை ஜப்பானில் இன்றும் குத்துச்சண்டை நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

அன்றைய செய்திப்படத் துண்டுகளைப் பார்க்கிற வாய்ப்பு கிடைத்தால் அவருடைய முகத்தை விட்டுவிட்டு முன் காலைப் பாருங்கள். ஜாப் போகும்போது அந்தக் கால் கொஞ்சம் முன்னால் சறுக்கும், கை திரும்புவதற்குள் கால் பழைய இடத்துக்கு வந்துவிட்டிருக்கும். எதிராளி பதிலுக்கு வீசும்போது அங்கே அடிக்க ஆள் இருக்காது.

பட்டத்தை நான்கு முறை தக்கவைத்தார். 1952 நவம்பரில் மரினோவோடு மறுபடியும், 1953 மே மாதம் பிலிப்பைன்ஸின் டானி காம்போ, அதே அக்டோபரில் டெரி ஆலன், 1954 மே மாதம் லியோ எஸ்பினோசா. இதில் ஆலனோடு நடந்த சண்டைக்கு வேறு ஒரு முக்கியத்துவமும் உண்டு. ஜப்பானில் முதல் தனியார் தொலைக்காட்சி ஒளிபரப்பு ஆரம்பித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டில் டிவி வாங்கும் வசதி பெரும்பாலோருக்கு இல்லை, அதனால் ரயில் நிலைய வாசல்களிலும் தெரு முனைகளிலும் டிவி பெட்டிகளை வைத்திருந்தார்கள். அக்டோபர் 27ஆம் தேதி அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் கூட்டம் சாலையை அடைத்து நின்றது. ஜப்பானியர்களுக்கு டிவி என்ற ஒன்றைப் பழக்கியதில் ஷிராயின் ஜாப்புக்கும் பங்கு உண்டு.

எஸ்பினோசாவோடு நடந்த சண்டை மிக நெருக்கமாகப் போனது, நடுவர்கள் பிளவுபட்ட முடிவில்தான் பட்டம் தப்பியது. முப்பது வயது தாண்டிவிட்டது, ஃப்ளைவெயிட்டில் அது அதிக வயது. வேகம்தான் இந்தப் பிரிவின் உயிர், அது முதலில் குறையும்.

அப்புறம் பாஸ்குவல் பெரெஸ் வந்தார். அர்ஜென்டினாக்காரர், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். ஐந்தடி உயரம்கூடக் கிடையாது. 1954 ஜூலையில் ஷிராய் புவெனஸ் அயர்ஸ் வரைக்கும் போய் லூனா பார்க் அரங்கில் அவரோடு மோதினார், பட்டம் பணயம் இல்லாத போட்டி, டிராவில் முடிந்தது. அந்தக் காலத்தில் டோக்கியோவிலிருந்து அர்ஜென்டினா போவது எவ்வளவு அலைச்சல் என்று யோசித்துப் பாருங்கள். அதே வருஷம் நவம்பர் 26ஆம் தேதி பெரெஸ் டோக்கியோ வந்து பதினைந்து ரவுண்டில் பட்டத்தை எடுத்துக்கொண்டு போனார். அர்ஜென்டினாவின் முதல் உலக சாம்பியன் அவர். பெரெஸின் உயரம்தான் ஷிராயின் முறைக்கே வினையானது. அவ்வளவு குள்ளமான ஆள் குனிந்து உள்ளே வரும்போது நீளக் கையின் ஜாப் தலைக்கு மேலே போய்விடும், கீழே குத்தினால் தாடை திறந்துகிடக்கும். இளமையில் இதற்கும் காலால் பதில் சொல்லியிருப்பார், முப்பத்தொரு வயதில் கால் ஒத்துழைக்கவில்லை.

1955 மே 30ஆம் தேதி மறு போட்டி. அன்றைய டிவி பார்வையாளர் கணக்கெடுப்பில் அந்தச் சண்டைக்கு 96.1 சதவீதம் வந்ததாகப் பதிவு. டிவி வைத்திருந்தவர்கள் கிட்டத்தட்ட அத்தனை பேரும் பார்த்தார்கள் என்றுதான் அர்த்தம். ஐந்தாவது ரவுண்டில் பெரெஸ் அவரை நாக் அவுட் செய்தார். அதோடு ஷிராய் ஓய்வு பெற்றார். 58 சண்டை, 46 வெற்றி, 8 தோல்வி, 4 டிரா. அந்தக் கடைசிச் சண்டை நடந்திருக்கவே கூடாது என்பது என் கருத்து. நவம்பரிலேயே விடை தெரிந்துவிட்டது. ஆனால் பட்டம் போனால் மறு போட்டி கேட்பது அன்றைய வழக்கம், நாடே அதற்குக் காத்திருந்தது, அவரால் மறுத்திருக்க முடியாது.

சாம்பியன்களின் கதை பெரும்பாலும் இங்கே முடியும், அல்லது இதற்கப்புறம் சோகமாகப் போகும். மேனேஜர் பணத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார், வீரர் கடனில் விழுந்தார் என்று எத்தனை கதை படித்திருக்கிறோம். ஷிராய் கதை வேறு மாதிரிப் போனது. நேச நாடுகளின் நிர்வாகம் முடிந்து மற்ற அமெரிக்க அதிகாரிகள் ஊர் திரும்பிய பிறகும் கான் ஜப்பானை விட்டுப் போகவில்லை. ஷிராய் குடும்பத்தோடுதான் இருந்தார். வயதாக ஆக அவருக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. தன்னைத் தூக்கி நிறுத்தியவருக்குச் சாப்பாடு கொடுத்து, எந்நேரமும் கூட இருந்து பார்த்துக்கொண்டவர்கள் ஷிராயும் அவர் மனைவியும். 1948இல் பசியோடு இருந்த ஒரு குத்துச்சண்டைக்காரனுக்கு இறைச்சியும் பாலும் வாங்கிக் கொடுத்தவர், இருபது வருஷம் கழித்து அதே ஆள் கையால் சாப்பிட்டார். 1971இல் கான் இறந்தார். தன் சொத்தை ஷிராய்க்கே எழுதி வைத்திருந்தார். ரத்த உறவு கிடையாது, போரில் எதிரெதிர் நாடு, வயதிலோ முப்பது வருஷ வித்தியாசம். மேனேஜர், வீரர் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்ட இருவருக்குள் இப்படி ஒரு அப்பா மகன் உறவை குத்துச்சண்டையில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

ஷிராய் இழந்த பட்டம் என்ன ஆனது என்பதும் சுவாரசியமானது. பெரெஸ் அதை 1960 வரைக்கும் விடவே இல்லை. ஜப்பானுக்கே பல தடவை வந்து ஜப்பானியர்களைத் தோற்கடித்தார். ஷிராய்க்குப் பிறகு வந்தவர்களுக்கு அவர் பெரிய சுவர். கடைசியில் 1960 ஏப்ரலில் பாங்காக்கில் தாய்லாந்தின் போன் கிங்பெட்ச் அவரை வீழ்த்தினார். அந்த போனை 1962 அக்டோபர் 10ஆம் தேதி டோக்கியோவில் பதினோராவது ரவுண்டில் நாக் அவுட் செய்தவர் மசாஹிகோ ஹராடா, ரிங்கில் ஃபைட்டிங் ஹராடா. வயது பத்தொன்பது. ஷிராயிடமிருந்து பெரெஸ், பெரெஸிடமிருந்து போன், போனிடமிருந்து ஹராடா என்று பட்டம் எட்டு வருஷம் உலகம் சுற்றித் திரும்பவும் டோக்கியோவுக்கு வந்தது. ஹராடா சண்டை போட்டது முழுக்க வேறு விதம், நிற்காமல் முன்னால் பாய்கிற விதம். பிஸ்டன் ஹொரிகுச்சி வழி செத்துப்போகவில்லை என்று காட்டியவர் அவர். மூன்று வருஷம் கழித்து பாண்டம்வெயிட்டில் பிரேசிலின் எடர் ஜோஃப்ரேயைத் தோற்கடித்து அந்தப் பட்டத்தையும் எடுத்தார், ஜோஃப்ரேயைத் தோற்கடித்த ஒரே ஆள் ஹராடாதான். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவருக்கு முன்பே இந்தப் பட்டத்தை ஜெயித்த ஷிராயைப் பற்றி அதில் பாதிகூட யாரும் பேசுவதில்லை என்பதில் வருத்தமும் உண்டு.

ஷிராய் ஓய்வுக்குப் பிறகு போட்டிகளின் வர்ணனையாளராகப் பல வருஷம் இருந்தார். 1995இல், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, யோகோ குஷிகென்னோடு சேர்ந்து டோக்கியோவில் ஒரு ஜிம் ஆரம்பித்தார். குஷிகென் ஒகினாவாக்காரர், லைட் ஃப்ளைவெயிட் உலகப் பட்டத்தைப் பதிமூன்று முறை தக்கவைத்தவர். ஜிம்முக்கு இருவர் பெயரையும் சேர்த்து ஷிராய் குஷிகென் ஸ்போர்ட்ஸ் ஜிம் என்று வைத்தார்கள். ஷிராய் 2003 டிசம்பர் 26ஆம் தேதி எண்பதாவது வயதில் காலமானார். அந்த ஜிம்மிலிருந்து ஒரு உலக சாம்பியன் வருவதை அவர் பார்க்கவில்லை.

ஆனால் வந்தார். டைகோ ஹிகா, அவரும் ஒகினாவாக்காரர், குஷிகென்னின் சீடர். 2017 மே 20ஆம் தேதி மெக்சிகோவின் ஹுவான் ஹெர்னாண்டஸை ஆறாவது ரவுண்டில் வீழ்த்தி உலக ஃப்ளைவெயிட் சாம்பியன் ஆனார். கோராகுவென் மைதானத்தில் ஷிராய் ஜெயித்து அறுபத்தைந்து வருஷமும் ஒரு நாளும் ஆகியிருந்தது, அதே 50.8 கிலோ பிரிவு. ஹிகா தன் முதல் பதினைந்து சண்டைகளையும் நாக் அவுட்டில் ஜெயித்தவர். அப்படியே ஷிராய்க்கு நேர் எதிர். அடுத்த வருஷம் ஏப்ரலில் எடை பார்க்கும்போது 900 கிராம் கூடுதலாக இருந்து, தராசிலேயே பட்டத்தை இழந்தார், ஜப்பானிய உலக சாம்பியன் ஒருவருக்கு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. 2020இல் குஷிகென் ஜிம்மை மூடிவிட்டார். ஷிராய் பெயர் தாங்கிய ஜிம் கொடுத்த ஒரே உலக சாம்பியன், ஷிராய் வென்ற அதே பிரிவின் பட்டத்தை ஷிராய் போடாத விதத்தில் சண்டை போட்டு வென்றார். ஷிராய் இருந்திருந்தால் அந்தப் பையனின் கைவேகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பார், கையோடு இடது ஜாப்பை இன்னும் கொஞ்சம் அதிகமாகப் போடச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.